என் பேனா மூடியில் காது குடைந்தார்

இதை இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

நேற்று 20-ஆம் தேதி. கணக்குப் பிரிவில் இருக்கிறவர்களுக்கு அந்தத் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜிஎஸ்டி 3பி என்கிற மாதாந்தர வரிக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும், தலையைத் தூக்க நேரம் கிடையாது. கத்திரி முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூன்று பேர். ஜன்னலைத் திறந்தால் கீழ மாசி வீதி லாரிச் சத்தமும் மிளகாய் வத்தல் நெடியும் உள்ளே வருமென்று வருஷக்கணக்காக மூடியே கிடக்கிறது. அந்த வத்தல் நெடி எவ்வளவோ தேவலை. நாலு தும்மலோடு போய்விடும்.

மூன்றரை மணிக்குப் பக்கத்து நாற்காலி அண்ணன் ஷூவைக் கழற்றினார். அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அது தினமும் நடப்பது, அதற்கு நான் துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொள்ளப் பழகிவிட்டேன். நேற்று நடந்தது வேறு.

அவருக்குக் காது அரித்திருக்கிறது. மேஜையில் எதையோ தடவினார். அவருடைய பேனா அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் கை இந்தப் பக்கம் நீண்டது. என் பேனாவை எடுத்தார். ஏதோ எழுதப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மூடியைக் கழற்றினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூடி மட்டும் கையில் இருக்கிறது. அப்போதே எனக்கு வயிற்றில் சுருக்கென்றது. வேண்டாம் அண்ணே, வேண்டாம் அண்ணே என்று மனதுக்குள் கத்துகிறேன், வாயில் வரவில்லை. மூடியில் சட்டைப் பையில் மாட்டுகிற கொக்கி இருக்கிறதில்லையா, அதை அப்படியே காதுக்குள் விட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. மெதுவாகச் சுற்றுகிறார். நிறுத்துகிறார். மறுபடி சுற்றுகிறார். வெளியே எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிறாராம்! பார்த்துவிட்டு, நான் அடுக்கி வைத்திருந்த பர்ச்சேஸ் பில் கட்டின் ஓரத்தில் அதைத் துடைத்தார். என் பில் கட்டு. அதைப் புரட்டித்தான் நான் இரவு ஏழு மணி வரை என்ட்ரி போட வேண்டும். அப்புறம் அடுத்த காது.

எல்லாம் முடிந்ததும் மூடியைப் பேனாவில் மாட்டி, என் ஸ்டாண்டில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "தங்கச்சி, அந்தத் திண்டுக்கல் பார்ட்டி பில் நம்பர் என்ன?" என்றார்.

"அண்ணே, அது என் பேனா."

"ஆமா தங்கச்சி, அங்கனயேதான வச்சுட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அந்த நிமிஷம்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. கணக்கு இடிக்கும்போது பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டே யோசிக்கிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து உண்டு. இந்த மூடியை எத்தனை நாள் கடித்திருக்கிறேன்? அவர் இதை எத்தனை நாள் எடுத்திருக்கிறார்? நேற்றுதான் நான் பார்த்தேன், அவ்வளவுதானே! குழாயடிக்கு ஓடிப்போய்ப் பத்துத் தடவை வாய் கொப்பளித்தேன். இதை எழுதும்போதும் குமட்டுகிறது. பத்து ரூபாய்ப் பேனா. தூக்கிப் போட்டுவிட்டேன். விலையா இங்கே பேச்சு?

நாலு மணிக்கு டீ வந்தது. கூட ஒரு உளுந்த வடை வாங்கியிருந்தார். அதே விரலால் இரண்டாகப் பிய்த்து, "இந்தா தங்கச்சி, மதியம் நீ சரியாவே சாப்பிடல" என்று பாதியை என் பக்கம் நீட்டினார். அந்த இடத்தில்தான் நான் உடைந்துவிட்டேன். நல்ல மனுஷன். மேனேஜர் சொல்கிறார், குடோன் ஆட்கள் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன், தங்கமான மனுஷன். சரி, நல்ல மனுஷன் குளிக்கக் கூடாதா?

உடனே யாராவது வந்து தண்ணீர்க் கஷ்டம் என்பீர்கள். தண்ணீர்க் கஷ்டத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடி வளர்ந்தவள் நான். அவர் வீட்டில் போர் போட்டிருக்கிறது, முந்நூறு அடியில் நல்ல தண்ணீர் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். உடம்பில் ஏதாவது நோயாக இருக்குமோ என்றும் யோசித்தேன். அப்படி உடம்பே வாடை அடிக்கிற நோய் இருக்கிறது, அவர்களைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் திங்கட்கிழமை அந்த நீலச் சட்டைப் பையில் மை கசிந்து வட்டமாகக் கறை பட்டது. செவ்வாய்க்கிழமை கைமடிப்பில் சாம்பார். வியாழக்கிழமையும் மை அங்கேயே இருக்கிறது, சாம்பாரும் அங்கேயே இருக்கிறது. இது எந்த நோய்?

மூட்டை தூக்குகிற அண்ணன்மார் கீழே குடோனில் இருக்கிறார்கள். காலையிலிருந்து லோடு இறக்கி, முதுகில் உப்புப் பூத்துப் போகும். அவர்கள் பக்கத்தில் நிற்க நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அது உழைத்த வேர்வை. ஆறு மணிக்கு அத்தனை பேரும் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது முடியவில்லை. அதுவும் நாங்கள் இருப்பது சோப்பு, ஷாம்பு, பற்பசை ஏஜென்சி! கீழே நூற்றுக்கணக்கான பெட்டி சோப்பு அடுக்கியிருக்கிறது. ஸ்டாஃபுக்கு அடக்க விலைக்கே தருகிறார்கள்.

கேட்டால் "வெயில்ல வேர்க்கத்தான் செய்யும் தங்கச்சி" என்கிறார். அண்ணே, புது வேர்வைக்கு நாற்றமே கிடையாது. அக்குளில் சுரக்கிற பிசுபிசுப்பான வேர்வையைத் தோலில் இருக்கிற பாக்டீரியா தின்று உடைக்கும்போதுதான் அந்த வாடை கிளம்புகிறது. சட்டையில் ஊறிக் காய்ந்தது மறுநாள் ஈரம் பட்டதும் திரும்ப எழுந்திருக்கிறது. பாலியஸ்டர் கலந்த துணி என்றால் பருத்தியைவிட மோசம், விடவே விடாது. தினமும் குளித்துத் துவைத்த சட்டை போட்டால் தீர்ந்தது. ஏசி இருக்கிறதே என்பார்கள். சுவரில் மாட்டியிருக்கிற ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிராக்கித் திரும்பவும் நம் முகத்தில் விடுகிறது. காலை ஒன்பதரைக்கு அவர் கொண்டுவந்த வாடையை மாலை ஏழு மணி வரை நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவருக்கு மட்டும் அது தெரிவதில்லை. எந்த வாடையானாலும் கூடவே இருந்தால் மூக்கு பழகிப்போய்க் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால்தான் வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. யார் சொல்வது? மேனேஜரிடம் போனேன். "ஏம்மா, நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளகிட்ட போயி குளிங்கன்னு எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படுவாருல்ல. நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

போன மாதம் நான் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்கு, பார்ட்டிகள் உட்கார்ந்திருக்கும்போதே, எல்லோர் முன்னாலும் இதே மேனேஜர் கத்தினார். அப்போது என் மனசு கஷ்டப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாற்றத்தைக் கொண்டுவருகிறவருக்கு மனசு இருக்கிறது, அதை மோந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு இல்லை. மூன்று வருஷமாக அட்ஜஸ்ட் பண்ணியிருக்கிறேன். மதியச் சோற்றைக் குடோன் படிக்கட்டில் உட்கார்ந்து தின்கிறேன். வீட்டுக்குப் போனதும் என் துணியை மோந்து பார்த்து அம்மா கேட்கிறாள், "என்னடி இது, எங்க போயிட்டு வர?"

இதற்காகவே தினமும் பூ வைத்துக்கொண்டு போகிறேன். முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும்தான். இப்போது தினமும் ஒரு முழம் மல்லி, வாடை தாங்காதபோது முன்பக்கம் இழுத்துப் போட்டு மோந்துகொள்வதற்கு. புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, அதுவே அந்த அறையில் மதியத்துக்குள் தோற்றுப்போகிறது.

அந்தப் பூவையாவது ஒழுங்காகத் தருகிறார்களா? இன்று காலை பஸ் ஸ்டாண்ட் வாசலில் முழம் நாற்பது என்றார் அந்தக்கா. முகூர்த்த நாள், சரி, கொடுத்தேன். முழம் என்றால் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. அவர் அளந்தது முழங்கைக்கு நாலு விரல் முன்னாலிருந்து தொடங்கி, விரலை மடக்கி மணிக்கட்டோடு முடிந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், என் கண் முன்னாலேயே அறுக்கிறார்! "அக்கா, இது முழமா?" என்றேன். "எங்கை அம்புட்டுத்தான்த்தா" என்றார். அதே கையால், எனக்கு முன்னால் காரில் வந்த அம்மாவுக்கு முழுசாக இரண்டு முழம் அளந்து கொடுத்ததை நான் பார்த்தேன். நாற்பது ரூபாய்க்கு அரை முழம்கூட இல்லை, அதிலும் பாதி நேற்றைய பூ!