லேட்டாக வந்தோம், அவ்வளவுதான்

சனிக்கிழமை விஷயம் தெரியாதவர்கள் என் நட்புப் பட்டியலில் இனிமேல் யாரும் இருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற சியாட்டலில், நம்ம ஆட்கள் குழுவில் அண்ணன் ஒருவர் போட்ட பதிவு எங்கெங்கோ சுற்றி, திருச்சியில் என் மாமியார் வரைக்கும் போய்விட்டது. "குளிரில் படகு விட்டு மாட்டிக்கொண்ட நம்ம ஆட்கள், போலீஸ் மீட்டது" என்று. சரி, ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யாரும் எங்களை மீட்கவில்லை. லேட்டாக வந்தோம். மலை ஓடையில் துடுப்புப் போட்டு இறங்குகிற சின்னப் படகை, அதாவது கயாக்கை, இருட்டியதால் காட்டிலேயே மரத்தோடு கட்டிப் போட்டுவிட்டு, தலைவிளக்கை மாட்டிக்கொண்டு பழைய மரம்வெட்டும் பாதையில் நடந்து வந்தோம். கார் பக்கத்தில் ஷெரீஃப் அலுவலக ஆள், அதாவது இந்த ஊர்ப் பக்கத்துப் போலீஸ், நின்றிருந்தார். பெயர் கேட்டார், எல்லாரும் இருக்கிறோமா என்று எண்ணிப் பார்த்தார், போய்விட்டார்.

"குளிர்காலத்தில் எவனாவது தண்ணீரில் இறங்குவானா, கோடையில் போனால் என்ன?" என்று கேட்கிறீர்கள். கோடையில் அங்கே தண்ணீர் இருக்காது சார். சியாட்டலுக்குக் கிழக்கே இருக்கிற காஸ்கேட் மலையின் மேற்குச் சரிவில் இந்த மாதிரிச் சின்ன ஓடைகள் மழையை நம்பித்தான் ஓடுகின்றன. நவம்பரிலிருந்து பசிபிக் மழை ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஹவாய்ப் பக்கமிருந்து வெதுவெதுப்பாக வருவதற்கு பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் என்றே பெயர். அது மலைமேல் கிடக்கிற பனியையும் கரைத்துவிட்டால் ஒரே ராத்திரியில் ஓடை வெள்ளமாகிவிடும். அன்றைக்கு நாங்கள் அந்தப் பக்கமே போக மாட்டோம். மழை விட்டு, வெள்ளம் வடிந்து, ஆனால் பாறையில் தட்டாத அளவுக்குத் தண்ணீர் ஓடுகிற அந்த ஓரிரு நாளுக்காகத்தான் யு.எஸ்.ஜி.எஸ். (அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை) இணையத்தில் போடுகிற நீர்மட்டப் பக்கத்தை ஆபீஸ் மீட்டிங்கில்கூடத் திறந்து வைத்திருக்கிறோம். ஜூலையில் போனால் கூழாங்கல் பொறுக்கலாம்.

வெள்ளம் வடிந்த பிறகு வழியில் புதிதாக மரம் விழுந்து கிடக்கும். அதன் கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. மாட்டினால் மொத்த ஓடையும் முதுகில் வந்து அழுத்தும். அதனால் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு வளைவிலும் கரையேறி, நடந்து போய்ப் பார்த்து, சந்தேகம் வந்தால் 20 கிலோவுக்கு மேல் இருக்கிற கயாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாசியிலும் வேரிலும் வழுக்கி வழுக்கிச் சுற்றிப் போகணும். ஒரு இடத்தில் விரல்கள் மரத்துப்போய் ஹெல்மெட் கொக்கியைக் கழற்ற வரவில்லை, பக்கத்திலிருந்தவனிடம் தாடையை நீட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு மரம் ரொம்ப அதிகம், நேரம் அங்கேதான் போனது. டிசம்பரில் இங்கே 4.20க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இருட்டினால் ஓடையில் இருக்கக் கூடாது என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம், அதன்படி ஏறிவிட்டோம். இதில் எங்கே வந்தது மீட்பு?

ராத்திரி 8 மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் போலீஸைக் கூப்பிடு என்று மனைவியிடம் எழுதிக் கொடுத்ததே நான்தான். எங்கே இறங்குகிறோம், எங்கே ஏறுகிறோம், வண்டி எண், எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. "சாட்டிலைட் கருவி இருந்ததாமே?" இருந்தது. அந்தப் பள்ளத்தில் மரங்களுக்கு நடுவே வானம் ஒரு கீற்றுதான் தெரியும், சாட்டிலைட்டுக்குச் செய்தி போக நேரமாகும். போகவில்லை, அதனால் 8 மணிக்கு அவள் கூப்பிட்டாள். பதறி இல்லை, பேசி வைத்தபடி. இதைப் போய் "பொண்டாட்டி கதறிக்கொண்டு போலீஸைக் கூப்பிட்டாள்" என்று எழுதுகிறீர்கள். அவள் அன்று அழவில்லை. மறுநாள் உங்கள் போன்கள் வந்த பிறகுதான் அழுதாள்.

வரிப்பணம் வீண் என்கிறார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே தேடுதலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். காளான் பறிக்கப் போய் வழி தவறுகிறவர்களையும் அவர்கள்தான் தேடுகிறார்கள். காளான்காரர்களுக்கு யாரும் நீதிபோதனை செய்து நான் பார்த்ததில்லை.

"குடும்பஸ்தனுக்கு எதுக்கு இந்த வெள்ளைக்காரன் விளையாட்டு?" இதற்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. போன வருடம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற லெவன்வர்த் ஊரில் கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்கக் கைக்குழந்தையோடு கிளம்பி, பனியில் சறுக்காமல் டயரில் சுற்றுகிற செயின்கூட இல்லாமல் ஸ்டீவன்ஸ் பாஸ் மலைக் கணவாய் ஏற்றத்தில் சறுக்கி ஓரத்தில் நின்ற குடும்பஸ்தர் யார் என்று குழுவில் பலருக்குத் தெரியும். ராத்திரி செயின் எடுத்துக்கொண்டு போனது நான். மாட்டிக் கொடுத்துவிட்டு வந்து பதிவு போடவில்லை. நம்ம ஆள் செய்தால் கொழுப்பு, ஆபீஸ் வெள்ளைக்காரன் இதே மாதிரி கயாக் விடுகிற படத்தைப் போட்டால் ஹார்ட் விடுவீர்கள், நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

அண்ணா, ஏதாவது கேட்கணும் என்றால் எனக்குப் போன் பண்ணுங்கள், நம்பர் உங்களிடம் இருக்கிறது. வீட்டுக்கு வேண்டாம். அப்புறம், கயாக் இன்னும் காட்டில்தான் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய் எடுக்கணும். அதற்கும் பதிவு எழுதுவதாக இருந்தால் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: பகலில்தான் போகிறோம், நடந்துதான் போகிறோம்.