கணக்குக் கேட்ட பாடகி

இன்று ஜூலை 30. நைஜீரியாவின் ஒன்யேகா ஒன்வேனு காலமான நாள். 2024இல் இதே தேதியில் லாகோஸில் அவர் இறந்தபோது கண்ணில் பட்ட இரங்கல் குறிப்புகளையெல்லாம் படித்தேன். பெரும்பாலும் ஒரே வரிதான். பாடகி, நடிகை, பத்திரிகையாளர், ஆவணப்படம் எடுத்தவர், அரசியல்வாதி, ஆகவே பன்முகக் கலைஞர். இந்தப் 'பன்முகக் கலைஞர்' என்ற சொல் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆண் பாடி, நடித்து, படமும் எடுத்தால், அவர் என்ன சொல்ல வந்தார், அவருடைய பார்வை என்ன என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு பெண் அதையே செய்தால் 'எத்தனை திறமை பாருங்கள்' என்று பட்டியல் போட்டு, கைதட்டி அனுப்பிவிடுகிறோம். அவர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. ஒன்யேகா வாழ்நாள் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு இடத்தில் நின்று கேட்டார் என்பது என் கருத்து. இது யாருடைய சொத்து, யார் கையில் இருக்கிறது, கணக்கு எங்கே?

இந்தக் கேள்வி அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்து வந்தது. 1952இல் பிறந்தவர். அப்பா டி.கே. ஒன்வேனு கல்வியாளர், அரசியல்வாதி. கல்வி அமைச்சராகப் பதவியேற்க ஒரு வாரம் இருக்கும்போது கார் விபத்தில் போய்விட்டார். ஒன்யேகாவுக்கு அப்போது நாலு வயது, வீட்டில் கடைக்குட்டி. அம்மா ஹோப் ஒரு பாடகி. கணவர் போன பிறகு அவருடைய சொத்தில் அந்த அம்மாவுக்கு எதுவும் கிடைக்காதபடி கணவர் வீட்டார் தடுத்துவிட்டார்கள். கையில் ஐந்து பிள்ளைகள். அந்த அம்மா தனியாகவே எல்லோரையும் ஆளாக்கினார். பிற்பாடு பெண்களுக்கான தேசிய மேம்பாட்டு மையத்தின் தலைமைப் பொறுப்புக்கு 2013இல் ஒன்யேகா வந்தபோது சிலர் அதை அரசியல் பதவி என்று மட்டும் பார்த்தார்கள். தன் அம்மாவுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்றுதான் நான் பார்க்கிறேன்.

வளர்ந்தது போர்ட் ஹார்கோர்ட்டில். நைஜர் டெல்டாவின் பெரிய ஊர். அவருடைய அப்பா இறந்த அதே 1956இல்தான் அந்த டெல்டாவில், ஒலோய்பிரி என்ற கிராமத்தில், நைஜீரியாவின் முதல் வணிக அளவிலான எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு அந்த மண்ணுக்கு என்ன நடந்தது என்பது உலகம் அறிந்த கதை. ஓடைகளில் எண்ணெய்ப் படலம், ராத்திரி பகல் பாராமல் எரியும் வாயுச் சுடர், மீன் செத்த நீர்நிலைகள். எண்ணெய் தோண்டிய ஊரில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. பணமெல்லாம் எங்கோ போனது.

இடையில் போர். 1967 முதல் 1970 வரை பியாஃப்ரா போர். இக்போ மக்களின் பகுதி பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிய முயன்று தோற்ற உள்நாட்டுப் போர். இக்போ குடும்பத்துப் பெண், போர் தொடங்கும்போது பதினைந்து வயது. அந்த வயதில் பசியையும் குண்டுவீச்சையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு அமெரிக்கா போய் வெல்லெஸ்லி கல்லூரியில் பட்டம், நியூயார்க்கில் ஊடகப் படிப்பில் முதுகலை. ஐ.நா. சபையில் பார்வையாளர்களைச் சுற்றிக் காட்டும் வேலையும் பார்த்திருக்கிறார். அங்கேயே தங்கியிருக்கலாம். 1980இல் ஊர் திரும்பி, பட்டதாரிகளுக்கான தேசிய சேவைத் திட்டத்தில் அரசுத் தொலைக்காட்சியான என்.டி.ஏ.வில் சேர்ந்தார்.

அடுத்த வருடமே நைஜீரிய இசைக்கலைஞர் சன்னி ஒகோசுன் தயாரிப்பில் முதல் ஆல்பம். அப்புறம் மூன்று வருடத்தில், 1984இல், பி.பி.சி.யும் என்.டி.ஏ.வும் சேர்ந்து செய்த ஆவணப்படம். எழுதியதும் இவர், திரையில் தோன்றிச் சொன்னதும் இவர். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நைஜீரியா: வாரி இறைத்த செல்வம்'. எண்ணெய்ப் பணம் எப்படிச் சுருட்டப்பட்டது, எண்ணெய் எடுத்த மண் எப்படி நாசமானது, அந்த மண்ணின் மக்கள் தங்கள் பங்கை ஏன் கேட்கிறார்கள் என்று பேசிய படம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி அந்த வருடத்தை யோசித்துப் பாருங்கள். 1983 டிசம்பர் 31இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. 1984இல் 'ஆணை எண் 4' வந்தது. அரசு அதிகாரிகளைப் பற்றித் தவறாக எழுதினார் என்று சொல்லிப் பத்திரிகையாளரைச் சிறையில் தள்ளலாம். தள்ளவும் செய்தார்கள். துண்டே தாம்ப்சன், ந்துகா இராபோர் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் அந்தச் சட்டத்தில் உள்ளே போனார்கள். அப்படிப்பட்ட வருடத்தில், முப்பத்திரண்டு வயதில், ஆல்பம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாடகி, முகத்தைக் காட்டி, பெயரைப் போட்டு, உலகம் பார்க்கும்படி நாட்டின் கொள்ளையைப் பற்றிப் பேசினார். எண்ணெய் நிறுவனங்களை எதிர்த்த எழுத்தாளர் கென் சாரோ-விவாவின் பெயரும், நைஜர் டெல்டாவின் ஒகோனி மக்களின் போராட்டமும் வெளியுலகுக்குத் தெரிய வந்தது 1990களில். அதற்கு எத்தனையோ வருடம் முன்னாலேயே இந்தப் பெண் அதைப் பேசிவிட்டார்.

இரங்கல் குறிப்புகளில் இதற்குக் கிடைத்த இடம் ஒரு வரி. சிலவற்றில் அதுவும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

பாட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. 1986இல் வந்த 'ஒன் லவ்' நைஜீரியாவில் பள்ளிக்கூடம், தேவாலயம், கல்யாணம் என்று எல்லா இடத்திலும் ஒலித்த பாட்டு. வின்னி மண்டேலாவுக்காக ஒரு பாட்டு எழுதி, 1990இல் மண்டேலா தம்பதியர் நைஜீரியா வந்தபோது அவர்கள் முன்னாலேயே பாடியவர். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது 1989இல், யோருபா மக்களின் ஜூஜூ இசையில் பெயர்பெற்ற கிங் சன்னி அடேயோடு சேர்ந்து பாடிய இரண்டு பாட்டுகள். குடும்பக் கட்டுப்பாடு, அவசரப்படாமல் காத்திருப்பது, இதுதான் பாடுபொருள். பிரச்சாரப் பாட்டுதானே என்று தள்ளிவிடலாம். ஆனால் அதைக் கேட்டுப் பாருங்கள். அடேயின் ஜூஜூ கிதார் மெல்ல இழுத்துக்கொண்டு போகிறது, அதன் மேல் ஒன்யேகாவின் குரல் உரசாமல், அவசரமே இல்லாமல் வந்து உட்காருகிறது. அவர் யோருபா இனம், இவர் இக்போ இனம், போரில் எதிரெதிர்ப் பக்கம் இருந்தவர்கள். போர் முடிந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. பிள்ளை பெறுவது பற்றி ஒரு பெண் தன் கருத்தைச் சொல்ல, ஆண் அதைக் கேட்டுப் பதில் பாடுகிறார். தன் உடம்பு யாருடையது என்பதும் சொத்துக் கேள்விதானே.

2000இல் அந்தக் கேள்வி அவர் தலைமேலேயே வந்து நின்றது. அவருடைய 'இயோகோகோ' பாட்டை என்.டி.ஏ. அவரைக் கேட்காமல், காசு கொடுக்காமல் பயன்படுத்தியது. உரிமைத்தொகை கேட்டார். பதிலுக்கு அவர் பாட்டுகளை ஒளிபரப்பக் கூடாது என்று ஒதுக்கிவைத்தார்கள். எங்கே வேலையைத் தொடங்கினாரோ, எந்த நிறுவனத்தோடு சேர்ந்து அந்தப் படத்தைச் செய்தாரோ, அதே நிறுவனம். அவர் போய் அதன் வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். நாற்பத்தெட்டு வயது, நாடே அறிந்த முகம். சார்லி பாய் போன்ற கலைஞர்கள் துணைக்கு வந்தார்கள். கடைசியில் நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது.

இதைப் படித்தபோது 'இவ்வளவு பெரிய கலைஞர் ஒரு பாட்டுக் காசுக்காகவா தெருவில் உட்கார வேண்டும்' என்று முதலில் எனக்கும் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. ஆமாம், அதற்காகத்தான் உட்கார வேண்டும். கணவர் சொத்தைக் கேட்க முடியாமல் போன அம்மாவின் மகள், எண்ணெய்ப் பணத்துக்குக் கணக்குக் கேட்ட பத்திரிகையாளர், தன் பாட்டுக்கு மட்டும் கணக்குக் கேட்காமல் விட்டிருந்தால்தான் அது பொருந்தாமல் இருந்திருக்கும்.

நடிப்புக்கு வருகிறேன். 1990களின் கடைசியில் நாலிவுட் எனும் நைஜீரியத் திரையுலகுக்குள் வந்தார். நான் அவரை முதலில் பார்த்ததே ஜெனீவியெவ் ந்னாஜி இயக்கிய 'லயன்ஹார்ட்' படத்தில், கதாநாயகியின் அம்மாவாக. நல்ல படம், ஆனால் அவருக்கு அதில் பெரிய வேலை இல்லை. 'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்' படத்தில்தான் அசந்துபோனேன். 2013இல் பியி பண்டேலே, பியாஃப்ரா போரைப் பற்றிய சிமமண்டா அடிச்சியின் நாவலை வைத்து எடுத்தது. இதிலும் அம்மாதான். பேராசிரியர் மகன் வீட்டுக்குக் கிராமத்திலிருந்து வருகிறார். வந்ததும் நேரே சமையலறை. வேலைக்காரப் பையனை ஒதுக்கிவிட்டு அடுப்பைத் தன் வசமாக்குகிறார். மகன் விரும்பும் பெண் லண்டனில் படித்தவள். அவளைச் சூனியக்காரி என்று முகத்துக்கு நேரே திட்டுகிறார். படிப்புதான் பெண்ணைக் கெடுக்கிறது என்று நம்பும் அம்மா அவர். அந்த அம்மாவாக நடிப்பவர் வெல்லெஸ்லியில் படித்தவர், பியாஃப்ராவைப் பதினைந்து வயதில் பார்த்தவர். ஆனால் நடிப்பில் ஒரு இடத்தில்கூட அந்த அம்மாவை அவர் கேலி செய்யவில்லை. பயத்தையும் பிடிவாதத்தையும் உள்ளே இருந்து காட்டுகிறார். அப்படிப்பட்ட அம்மாக்களை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சொந்த ஊரான இடியாட்டோ வடக்கில் உள்ளாட்சித் தலைவர் பதவிக்கு இரண்டு முறை நின்று தோற்றார். அந்தக் கட்சி அரசியல் அவருக்குத் தேவைதானா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் கணக்குக் கேட்பவர் ஒருநாள் கணக்கு எழுதும் இடத்துக்கும் போய்ப் பார்க்கத்தான் செய்வார்.

2020இல் தன் வரலாற்றை எழுதினார். தலைப்பு 'என் அப்பாவின் மகள்'. நாலு வயதில் இழந்த அப்பாவுக்குத் தலைப்பைக் கொடுத்தது புரிகிறது. ஆனாலும் எனக்கு அந்த ஹோப் அம்மாவைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. சொத்து கைக்கு வராத அந்த வீட்டில் பாட்டு இருந்தது. கடைக்குட்டிக்கு அது வந்தது.

எழுபத்திரண்டு வயதில், அந்த ஜூலை 30 அன்றும், லாகோஸில் ஒரு பிறந்தநாள் விழாவில் பாடப் போயிருந்தார். பாடி முடித்தார். இருக்கையில் வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சரிந்தார்.