கடை சாத்தியபின் பார்த்தவை

இரவு பத்தேகாலுக்கு ஷட்டரை இறக்கி, கல்லாக் கணக்கை முடித்து, வீட்டில் போய் உட்கார்ந்து தட்டில் சோறு விழும்போது மணி பதினொன்று. அந்தத் தட்டுக்கு முன்னால் ஒரு எபிசோட். ஞாயிற்றுக்கிழமை கடை அரைநாள்தான் என்பதால் அன்றைக்கு இரண்டு, மூன்று. ஒரு வருஷம் இப்படியே ஓடியதில் எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், தேறும். அவற்றைப் பற்றி மனதில் பட்டதை எழுதுகிறேன். முடிவுகளையும் உடைத்துத்தான் எழுதியிருக்கிறேன். பார்க்கப் போகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நான் மருந்துக்கடைக்காரன். பி.ஃபார்ம் முடித்து இருபது வருஷமாக ஒரே தெருவில் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் ரசனையில் இருக்கும் கோணல் அங்கிருந்து வந்தது என்று கடைப் பையன் சொல்கிறான். இருபத்திரண்டு வயது. அனிமேவில் அவன் எனக்கு சீனியர். நான் பார்க்கிறதெல்லாம் "பாடம் நடத்துற மாதிரி" இருக்கிறது என்பது அவன் கட்சி.

முதலில் 'தி அபாத்தகரி டைரீஸ்'. ஹியூகா நட்சு இணையத்தில் எழுதத் தொடங்கிய நாவல், பிறகு மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்), பிறகு அனிமே. முதல் சீசன் 2023 அக்டோபரில் தொடங்கியது, இரண்டாவது 2025 ஜனவரியில். நான் இரண்டையும் சேர்த்து இந்த வருஷம்தான் பார்த்தேன். பழைய சீனாவைப் போல ஒரு கற்பனை நாடு. விலைமாதர் தெருவில் ஒரு வைத்தியரிடம் வளர்ந்த மாவ்மாவ் என்ற பெண்ணைக் கடத்திக்கொண்டுபோய் அரண்மனை அந்தப்புரத்தில் வேலைக்காரியாக விற்றுவிடுகிறார்கள். அங்கே அரசனின் கைக்குழந்தைகள் நோயில் விழுகின்றன. எல்லாரும் சாபம் என்கிறார்கள். இவள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுகிறாள்: முகத்துக்குப் பூசும் வெள்ளைப் பவுடரில் ஈயம்.

கண்டுபிடித்தவள் என்ன செய்கிறாள் என்பதில்தான் நான் விழுந்தேன். பாவாடைத் துணியைக் கிழித்து, 'இந்தப் பவுடர் விஷம், குழந்தை மேல் படவிடாதீர்கள்' என்று எழுதி, பூங்கிளையில் கட்டி, சன்னலில் வைத்துவிட்டு நழுவிவிடுகிறாள். பெயர் கிடையாது, பாராட்டு வேண்டாம், வம்பும் வேண்டாம். எங்கள் தொழிலில் இந்தக் குணம் உள்ளவர்களை எனக்குத் தெரியும். சீட்டைப் பார்த்ததும் டோஸ் அதிகம் என்று புரியும். டாக்டரை எதிர்த்துச் சொல்ல வாய் வராது. "டாக்டர்கிட்ட ஒரு தடவ போன்ல கேட்டுக்கிடுங்கம்மா" என்று சொல்லி அனுப்புவோம். அதுதான் எங்கள் பூங்கிளை.

முதல் சீசனில் தேன் வருகிற பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக ஒரு குழந்தையின் சாவு புதிராகவே கிடக்கிறது. அன்பாக, நல்லது என்று நினைத்து, ஒரு பணிப்பெண் பச்சைக் குழந்தைக்குத் தேன் கொடுத்திருக்கிறாள். அது தெரியவரும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு அன்று நான் மேற்கொண்டு சாப்பிடவில்லை. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து விஷமாகிவிடலாம். மருத்துவ உலகமே இந்த நோயை அடையாளம் கண்டது 1976இல்தான். ஆகவே மாவ்மாவுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை. தெரிந்தும் மன்னித்துவிட்டேன். ஏனென்றால் எங்கள் பக்கம் இன்றைக்கும் "சேனை வைக்கணும், நல்ல தேனா குடுங்க" என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. பத்து வருஷமாக நான் சொல்லிச் சொல்லிச் சலித்ததை அந்த எபிசோட் இருபது நிமிஷத்தில் சொல்லிவிட்டது.

இரண்டாம் சீசன் நடுவில் சவசவ என்று இழுக்கிறது. அந்தப்புரத்தை நிர்வகிக்கும் அழகான ஜின்ஷியை வைத்துச் செய்யும் காமெடி ஒரு கட்டத்துக்கு மேல் அலுத்துவிட்டது. கடைசி ஏழெட்டு எபிசோட் எல்லாவற்றையும் ஈடு கட்டியது.

'சோலோ லெவலிங்' பையனின் உயிர். அவனுக்காக இரண்டாம் சீசனையும் முழுதாகப் பார்த்தேன். கொரிய இணைய நாவல். படமாக்கியிருக்கும் நேர்த்தியில் குறையே சொல்ல முடியாது. நிழல் படை எழுந்து நிற்கும்போது எனக்கும்தான் மயிர் கூச்செறிந்தது. ஆனால் அந்த நாயகன் எதையாவது கற்றுக்கொண்டானா? திரையில் ஒரு எண் ஏறுகிறது, அவன் பலசாலி ஆகிறான். இன்னொருவன் கேம் விளையாடுவதை அவன் தோளுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த மாதிரி இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்கு மருந்து கொண்டுவந்து ஊட்டுகிற இடம் ஒன்றுதான் எனக்கு ஒட்டியது. அது ஏன் ஒட்டியது என்று பையன் சிரித்தான், விடுங்கள்.

இதை அவனிடம் சொன்னபோது அவன் சொன்ன பதிலை நியாயமாக இங்கே பதிவு செய்ய வேண்டும். "நாள் பூரா அட்டை எண்ணிட்டு வர்றேன் அண்ணாச்சி. ராத்திரியும் ஒருத்தி மருந்து இடிக்கிறதையா பாக்கணும்? ஒருத்தன் அடிச்சு நொறுக்குறதப் பாத்தாத்தான் தூக்கம் வருது." இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் சம்பளத்தைத் தீர்மானிப்பவன் நான் என்பதால் மேற்கொண்டு வாயைத் திறக்கவும் இல்லை.

அவனும் நானும் ஒரே மனதாகப் பார்த்தது 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்'. 2025 செப்டம்பர் 12ஆம் தேதி இங்கே தியேட்டருக்கு வந்தது, தமிழ் டப்பிங்கிலும். ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு பஸ் பிடித்து மதுரைக்குப் போனோம். என் வயதில் அந்த அரங்கில் இன்னும் நாலு பேர் இருந்திருந்தால் அதிகம், அவர்களும் பிள்ளைகளைக் கூட்டி வந்த அப்பாக்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம். இடைவேளை என்ற ஒன்றை எதிர்பார்த்து எடுக்கப்பட்டது அல்ல. ஆனால் நம் ஊரில் பாப்கார்ன் விற்க வேண்டுமே. சண்டை உச்சத்தில் இருக்கும்போது கத்தரி போட்டு விளக்கைப் போட்டார்கள். விழுந்த விசிலை விடவும் அப்போது விழுந்த வசவுதான் அதிகம்.

படம் வந்த நாளிலிருந்து எல்லோரும் சொல்லும் குறை: ஃப்ளாஷ்பேக் அதிகம், சண்டை சூடு பிடிக்கும்போதெல்லாம் பழைய கதைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் படமே அகாசா என்ற அரக்கனின் ஃப்ளாஷ்பேக்தான். அரக்கனாவதற்கு முன் அவன் பெயர் ஹகுஜி. எடோவில், அதாவது அந்தக் கால டோக்கியோவில், ஒரு சிறுவன். அப்பாவுக்கு நோய், மருந்துக்குக் காசில்லை. திருடுகிறான். மாட்டிக்கொள்கிறான். திருடனுக்கு அடையாளமாகக் கையில் பச்சை குத்தி விடுகிறார்கள். மறுபடி திருடுகிறான், மறுபடி பச்சை. கடைசியில் அப்பா, தன்னால் மகன் திருடனாவது பொறுக்காமல், தூக்கில் தொங்கிவிடுகிறார்.

மாதக் கடைசியில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முழு அட்டை கேட்பதில்லை. "அரை அட்டை குடுங்க, மீதி ஒண்ணாந்தேதி வாங்கிக்கிடுறேன்" என்பார்கள். சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு ஒரு மாதத்தை இரண்டாக நீட்டுகிறவர்களும் உண்டு. அந்தப் பையன் மருந்துப் பொட்டலத்தோடு ஓடுவதைத் திரையில் பார்த்தபோது எனக்கு அரக்கன் கதையாகத் தெரியவில்லை. பிறகு அவனுக்கு ஒரு நல்ல குரு கிடைக்கிறார், நோயாளியான அவர் மகளை இவன் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறான், அவள் தேறுகிறாள். அந்த நேரத்தில் பக்கத்துச் சண்டைப் பயிற்சிக் கூடத்துக்காரன் கிணற்றில் விஷத்தைக் கலக்கிறான், குருவும் மகளும் சாகிறார்கள். மருந்துக்காகத் திருடியவன் வாழ்க்கை விஷத்தால் முடிகிறது. அவன் சண்டை போடும்போது காலடியில் விரிகிற பனிப்பூ வடிவம் அந்தப் பெண்ணின் கொண்டை ஊசியிலிருந்து வந்தது என்று தெரியும்போது தியேட்டரில் விசில் நின்றிருந்தது. பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரிப் பையன் மூக்கை உறிஞ்சினான். என் பையன்தான் என்று எழுதினால் வேலையை விட்டுவிடுவான், ஆகவே கல்லூரிப் பையன்.

ஷினோபுவைப் பற்றியும் ஒரு வரி. தலையை வெட்டுகிற பலம் இல்லாததால் விஸ்டீரியா பூவிலிருந்து விஷம் செய்து அரக்கர்களைக் கொல்கிறவள், எங்கள் இனம். அவளை இப்படிச் சீக்கிரம் கொன்றிருக்க வேண்டாம்.

டப்பிங் பற்றிக் கேட்டால், சண்டைக்கு நன்றாகவே இருந்தது. சோகத்தில் மட்டும் மேடைப் பேச்சு போலத் தமிழ் கெட்டிப்பட்டுவிடுகிறது. 'நான் உன்னை என்றும் பாதுகாப்பேன்' என்று எந்த ஊரில் பேசுகிறோம்? ஆனாலும் இத்தனை பேரோடு தமிழில் உட்கார்ந்து பார்த்தது தனி சுகம். வீட்டில் நான் எப்போதும் ஜப்பானியக் குரல், ஆங்கில சப்டைட்டில். சாப்பிட்டுக்கொண்டே படிப்பதில் ரசம் சட்டையில் விழுவது வேறு கதை.

'டான்டடான்' இரண்டு சீசன். டர்போ பாட்டி என்று ஒரு பேய் வருகிறாள், அவளுக்காகவே பார்க்கலாம். முதல் சீசன் ஏழாவது எபிசோடில் மகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதை வரும், அது வேறு எந்தப் படத்திலும் கிடைக்காதது. மற்றபடி வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள் இருக்கும்போது போட்டுவிடாதீர்கள். முதல் எபிசோடிலேயே நான் ரிமோட்டைத் தேடி அலைந்தேன்.

'டகோபீஸ் ஒரிஜினல் சின்' ஆறே எபிசோட். வேற்றுக் கிரகத்திலிருந்து கருவிகளோடு வருகிற உருண்டைப் பிராணி, அழுகிற ஒரு சிறுமி. டோரேமான் மாதிரி இருக்கும் என்று நினைத்து அக்கா மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் அணைத்தேன். பிறகு தனியாகப் பார்த்தேன். நல்ல படைப்புதான். இரண்டாம் முறை பார்க்க மாட்டேன்.

'ஃப்ரீரன்' ஏற்கெனவே பார்த்தது, முதல் சீசனின் 28 எபிசோடையும் இந்த வருஷம் மறுபடி பார்த்தேன். அரக்க ராஜாவைக் கொன்று முடித்த பிறகு தொடங்குகிற கதை என்று எல்லோரும் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். மிக நீண்ட ஆயுள் கொண்டவள், கூட வந்த மனிதனைத் தெரிந்துகொள்ளாமலே பறிகொடுத்தவள் என்பதையும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அவள் சேர்த்து வைக்கிற உபயோகமற்ற மந்திரங்கள். வெண்கலச் சிலையைத் துலக்க ஒரு மந்திரம். இனிப்புத் திராட்சையைப் புளிக்க வைக்க ஒரு மந்திரம். உலகமே நடுங்குகிற மந்திரவாதி இதற்காக ஊர் ஊராக அலைகிறாள். அந்த சீசனின் கடைசி எபிசோடில் ஃப்ரீரனின் சிஷ்யை ஃபெர்னிடம், விரும்பிய எந்த மந்திரத்தையும் தருகிறேன் கேள் என்கிறாள் எல்லோருக்கும் மூத்த மந்திரவாதி. ஃபெர்ன் கேட்பது துணி வெளுக்கிற மந்திரம். கைதட்டினேன். நடுராத்திரி. வீட்டில் திட்டு.

இனி 'ஆர்ப்: ஆன் தி மூவ்மெண்ட்ஸ் ஆஃப் தி எர்த்'. இந்த வருஷம் நான் பார்த்ததில் இதற்குப் பக்கத்தில் வைக்க இன்னொன்று இல்லை. 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை 25 எபிசோட், மேட்ஹவுஸ் ஸ்டுடியோ தயாரிப்பு. மங்காவை எழுதிய உவோட்டோவுக்கு 2022இல் தெஸுகா ஒசாமு பரிசு கிடைத்தபோது இருபதுகளில்தான் இருந்தார். எனக்கு அந்த வயதில் கடைக்கு லைசென்ஸ் கூட வரவில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பா. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று நினைக்கிறவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து எரிக்கிறார்கள். பன்னிரண்டு வயது ராஃபால் கெட்டிக்காரப் பையன், பிழைக்கத் தெரிந்தவன். அவன் கையில் இந்த எண்ணம் சிக்குகிறது. இவன்தான் நாயகன் என்று நிமிர்ந்து உட்காருகிறோம். மூன்றாவது எபிசோடில் விஷம் குடித்துச் செத்துப்போகிறான். பத்து வருஷம் தாண்டுகிறது. அவன் மலையில் ஒளித்துவைத்த கல் பெட்டி வேறு யாரோ கையில் கிடைக்கிறது. அவர்களும் சாகிறார்கள். மறுபடி இருபத்தைந்து வருஷம். பெட்டியில் இருந்த தாள் எரிகிறது, புத்தகம் எரிகிறது, எங்கோ ஒரு மூலையில் ஒரு துண்டு பிழைத்துக்கொள்கிறது.

இதில் பதேனி என்றொரு துறவி. மகா கர்வி. எழுத்தறிவு கண்டவன் நின்றவனுக்கெல்லாம் கிடைக்கக் கூடாது என்பவன். அவனுக்கு உதவியாக வருகிற ஓக்ஸி, வானத்தை நிமிர்ந்து பார்க்கவே பயப்படுகிற கூலி வீரன். அவன் புதிதாக எழுத்துக் கற்று, தட்டுத் தடுமாறி ஒரு புத்தகம் எழுதுகிறான். இருவரும் பிடிபட்டுச் செத்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது, பதேனி முன்கூட்டியே என்ன செய்து வைத்திருந்தான் என்பது. ஏழைகளின் தலையை மழித்து, அந்தக் கூலிக்காரனின் வரிகளைப் பகுதி பகுதியாகப் பச்சை குத்தி, முடி வளரவிட்டு மறைத்திருக்கிறான். அந்தக் காட்சியில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் இந்த எண்ணத்துக்காக அப்படி ஒரு வேட்டை நிஜத்தில் நடக்கவில்லை. கோப்பர்நிக்கஸே தேவாலயப் பதவியில் இருந்தவர், 1543இல் வந்த அவருடைய புத்தகம் போப்புக்குத்தான் சமர்ப்பணம். அதற்குத் தடை வந்தது 1616இல். (அவர் வைத்தியமும் படித்து ஆயருக்கு மருந்து கொடுத்தவர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.) வெள்ளி கிரகம் நிலாவைப் போல வடிவம் மாறுவதை ஓக்ஸி வெறுங்கண்ணால் பார்ப்பதும் அதிகப்படி, அதற்குக் கலிலியோவுக்கே தொலைநோக்கி வேண்டியிருந்தது. கடைசிப் பகுதி நிஜப் போலந்துக்கு வந்து, செத்த ராஃபாலின் பெயரிலேயே முகத்திலேயே ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி நம்மைக் குழப்புவதும் எல்லோருக்கும் ஜீரணமாகாது. சித்திரவதைக் காட்சிகளைச் சாப்பிடும்போது பார்க்கவே முடியாது. என் தட்டுப் பழக்கத்தை 25 நாள் விட்டேன்.

பையனை இதைப் பார்க்க வைக்க ஒரு பேரம் பேச வேண்டியிருந்தது. அவன் மூன்று எபிசோட் பார்க்க வேண்டும், பதிலுக்கு நான் 'சோலோ லெவலிங்' பற்றி ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது. ஒப்புக்கொண்டான். போன வாரம் ராத்திரி ஒன்றரைக்கு வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து செய்தி:

"அண்ணாச்சி, ஹீரோ செத்துட்டான். இன்னும் 22 எபிசோடு கெடக்கு. யார வச்சு ஓட்டப் போறானுவ?"

காலையில் கடைக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தான். கண் சிவந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.