அழகு மட்டும் போதுமா?
இயற்கையின் எல்லா விசைகளையும் ஒரே சமன்பாட்டில் அழகாக அடக்கிவிட்டால் அதுவே நல்ல ஒருங்கிணைந்த கோட்பாடு என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மின்காந்த விசையையும் அணுக்கருவில் செயல்படும் வலிய, மெலிய விசைகளையும் ஒன்றாக்க, 1974இல் ஹோவர்ட் ஜார்ஜி, ஷெல்டன் கிளாஷோ என்ற இயற்பியலாளர்கள் முன்வைத்த எஸ்யூ(5) கோட்பாட்டைவிட அழகான ஒன்றைக் காட்டுவது கஷ்டம். எலக்ட்ரானின் மின்னூட்டமும் புரோட்டானின் மின்னூட்டமும் ஏன் அளவில் அச்சு அசலாகச் சமம் என்பதற்குக்கூட அதில் விடை இருந்தது. ஆனால் அதன்படி புரோட்டானும் என்றைக்காவது சிதைய வேண்டும். அதைப் பிடிக்கத்தான் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையைத் தாண்டினால் வரும் கோலார் தங்கவயலில், தரைக்கு 2.3 கிலோமீட்டர் கீழே, 1980இல் 140 டன் கருவியை நிறுத்தினார்கள். அடுக்கடுக்காக இரும்புத் தகடுகள், இடையிடையே வாயு நிரப்பிய குழாய்கள். மேலே இருக்கும் அத்தனை பாறையும், சிதைவு போல ஏமாற்றக்கூடிய விண்கதிர்களைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். தங்கம் எடுக்கப் போன நம் பக்கத்து ஆட்கள் இறங்கிய அதே சுரங்கம் என்பதில் எனக்கு இன்றும் பெருமை. சிதைவு போலத் தோன்றும் சில தடயங்கள் கிடைத்ததாக அந்தக் குழு சொன்னது. அப்புறம் அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரை உப்புச் சுரங்கத்தில் வைத்த பெரிய தண்ணீர்த் தொட்டி அதை உறுதி செய்யவில்லை. அது சொன்ன காலத்துக்குள் புரோட்டான் சிதையாததால் எஸ்யூ(5)இன் எளிய வடிவமும் 1980களிலேயே விழுந்தது. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே என்ற நிலத்தடிக் கருவி 1996 முதல் 50,000 டன் தண்ணீரை வைத்துப் பார்க்கிறது, இன்னும் ஒன்றும் சிக்கவில்லை. ஆனாலும் எஸ்யூ(5)ஐ நான் நல்ல கோட்பாடு என்றே சொல்வேன், புரோட்டானின் ஆயுள் இவ்வளவுதான் என்று, தன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஓர் அளவைத் தானே எடுத்துக் கொடுத்ததால். அதே கட்டுரைக்குக் கருத்து எழுதி, துகள்கள் எல்லாம் நுண்ணிய இழைகளின் அதிர்வுகளே என்னும் இழைக் கோட்பாட்டுக்காக வாதாடும் நண்பர், எந்த அளவீடு வந்தால் அதைக் கைவிடுவார் என்று சொல்லட்டும்.