தலைமன்னார் கப்பலை நிறுத்தியது புயல் அல்ல

"1964 புயலோடு நின்ற இராமேஸ்வரம் கப்பல் மறுபடி ஓடுகிறது, இனி விசா இல்லாமலே திருச்சி போகலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். முழுக்கத் தவறு.

அந்த டிசம்பர்ப் புயல் அழித்தது தனுஷ்கோடியை. இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் அதன் பிறகும் 1980களின் தொடக்கம் வரை ஓடியது. அதை முடக்கியது போர். அதே 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் மலையகத் தோட்டத்து மக்கள் அந்தக் கப்பலில்தான் போனார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுது ரயிலேறியவர்கள் அவர்கள். என் அம்மாயியின் அண்ணன் தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் பெயர் எழுதிக்கொண்டு போனார். அதன் ஜோடிப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. புயலோடு கப்பல் நின்றது என்றால் அவர்கள் எல்லோரும் எப்படிப் போனார்கள்?

2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது நாகப்பட்டினம்–காங்கேசன்துறை சேவை. வழியே வேறு. கடவுச்சீட்டும் இந்திய விசாவும் அதற்கும் கட்டாயம்.

உங்கள் பதிவை யாரோ வாசித்துக் காட்ட, அம்மாயி அதை நம்பி, புறப்படலாமென்று அந்தப் பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறார். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.