பெயரை எடுத்தால் மட்டும் போதாது

மேலே கருத்திட்ட ஒருவர், "கிளையன்ட் பெயரை எடுத்துவிட்டு இனிஷியல் போட்டால் அது தனிப்பட்ட தகவலே இல்லை, சக தெரபிஸ்டுகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவர் கேஸைப் பற்றித் தாராளமாக ஆலோசனை கேட்கலாம்" என்கிறார். தவறு. தனியாக மனநலத் தெரபி செய்பவர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

"க.ர., வயது 42, பல் மருத்துவர், இரட்டைக் குழந்தைகள், மார்ச்சில் கணவர் விபத்தில் இறந்தார்." பெயர் இல்லைதான். ஆனால் அவரை அறிந்த எவருக்கும் இந்த ஒரு வரி போதுமே! பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் வைத்தே அமெரிக்கர்களில் சுமார் 87% பேரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்று 2000-இல் கணினி அறிவியலாளர் லத்தான்யா ஸ்வீனி கணக்கிட்டார். சிகிச்சைக் குறிப்பில் இருப்பதோ ஒரு முழு வாழ்க்கை.

2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரும் இதையே சொல்கிறது: பெயருக்குப் பதில் குறியீடு போட்டாலும், கூடுதல் விவரங்களைக் கொண்டு ஆளோடு பொருத்த முடிந்தால் அது தனிப்பட்ட தகவல்தான். உடல்நல, மனநல விவரம் என்றால் கட்டுப்பாடு இன்னும் அதிகம்.

'வாட்ஸ்அப்பில் என்கிரிப்ஷன் இருக்கிறதே' என்பார்கள். அது வழியில் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும். குழுவில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைத் தடுக்காது. (எடுக்க மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் பாக்கியசாலிகள்.)

சிக்கலான கேஸுக்கு இன்னொருவரிடம் ஆலோசனை கேட்பது அவசியம் என்று அவர் சொன்னது மட்டும் சரி. அதை உங்கள் சூப்பர்வைசர் (உங்கள் வேலையை வழிநடத்தும் மூத்த தெரபிஸ்ட்) ஒருவரிடம், கேள்விக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பது உண்டு என்பதை முதல் அமர்விலேயே கிளையன்டிடம் சொல்லிவிடுங்கள்.