தனித் தாள் போதாது, வடிவமைப்புக் கணக்கிலேயே வரட்டும்

சமூகப் பொறுப்பையும் நிலைத்த வளர்ச்சியையும் பொறியியல் கடைசி ஆண்டில் தனித் தாளாக, அதாவது தனிப் பாடமாக, வைக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. இதில் எனக்கு உடன்பாடில்லை. தனித் தாள் என்றால் ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போவார்கள். வடிவமைப்புக் கணக்கு பழையபடியே இருக்கும்.

இரண்டாம் ஆண்டு பம்ப் கணக்கிலேயே தொடங்கலாம். 1.5 கிலோவாட் மின்சாரம் இழுக்கும் பம்ப், தினம் 6 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 2,700 யூனிட். வேறு பம்பை வைத்து மொத்தத் திறன் (இழுக்கும் மின்சாரத்தில் தண்ணீர் ஏற்றப் பயன்படும் பங்கு) 50 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்ந்தால், அதே தண்ணீருக்கு 2,250 யூனிட் போதும். பத்து ஆண்டில் 4,500 யூனிட் மிச்சம். இரண்டு பம்புகளின் விலை வித்தியாசத்தையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எதை வாங்குவது என்ற முடிவே பல நேரம் மாறிவிடும்.

ஒரு பொருளைத் தயாரிப்பதிலிருந்து தூக்கி எறிவது வரை அதன் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிடும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது ஒப்பீட்டு அலகில்தான். ஒரு துணிப்பையையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் அப்படியே ஒப்பிடுகிறார்கள். 'ஓராண்டுக்குச் சாமான் சுமப்பது' என்று அலகை வைத்தால்தான் துணிப்பையை எத்தனை முறை பயன்படுத்துவார்கள் என்ற கேள்வியே எழும். விடை அதைப் பொறுத்துத் தலைகீழாகும்.

சமூகப் பகுதிக்குத் தனி விரிவுரை வேண்டாம். வரைபடம் போடும் முன்பே பயன்படுத்தப்போகிறவர்களிடம் பேசி, யார் இயக்குவார், பழுதானால் யார் சரிசெய்வார், உதிரிபாகம் கிடைக்குமா, யாருக்குப் பாதிப்பு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இதற்குத் திட்டப்பணி மதிப்பெண்ணில் 20 சதவீதமாவது ஒதுக்க வேண்டும். மதிப்பெண் இல்லாவிட்டால் கடைசி இரவில் ஒரு பத்தி எழுதி ஒட்டிவிடுவார்கள்.